மண்ணிடம் பாடம் கேட்ட விஞ்ஞானி

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டித் தெற்கே போனால் கடப்பாக்கம் வரும். ஆலம்பரைக் கோட்டை இருக்கும் ஊர். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? கணுக்கால் அளவுத் தண்ணீரில் நெற்பயிர் ஜம்மென்று நிற்கும்.

அதே வயலில் கோதுமையை விதைத்து, அதே அளவு தண்ணீரைத் தேக்கி வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? சில நாட்களில் இலை மஞ்சளாகும். வளர்ச்சி நின்று போகும். கடைசியில் பயிரே அழுகிவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்? எல்லாம் வேர் செய்யும் வேலைதான்! நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் குழாய் போன்ற காற்றறைகள் உண்டு. மேலே இலை வாங்கும் காற்று அதன் வழியாக வேர்நுனி வரை இறங்கிவிடும். கோதுமைக்கு இந்த வசதி மிகக் குறைவு. மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றைத்தான் அதன் வேர் நம்பியிருக்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் அடைபட்டு, வேர் மூச்சுத் திணறிப் போகும்.

வேரும் மூச்சு விடவேண்டும், மண் நன்றாக இருந்தால்தான் பயிர் நன்றாக இருக்கும் என்பதை இந்தியக் கோதுமை வயல்களில் பல ஆண்டுகள் நின்று கண்டறிந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் சர் ஆல்பர்ட் ஹோவார்ட். இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று உலகம் இன்றும் அவரைப் போற்றுகிறது.

பண்ணை வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பிஷப்ஸ் காசில் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஆல்பர்ட் பிறந்தார். ஆடு, மாடு, வயல், வைக்கோல் போர் இவற்றுக்கு நடுவேதான் அவர் வளர்ந்தார். படிப்பிலும் கெட்டிக்காரர். லண்டனிலும் பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் படித்து முதல் வகுப்பில் தேறினார்.

1899-இல் அவருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. கரும்பு போன்ற பயிர்களைத் தாக்கும் பூஞ்சைக் காளான்களை ஆராய்வது அவர் பணி. நாள் முழுவதும் ஆய்வுக்கூடம், நுண்ணோக்கி, கண்ணாடித் தட்டு!

அங்கேதான் அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. நோய் வந்த இலையை வெட்டி எடுத்து ஆராய்கிறோம். விவசாயிக்கு யோசனையும் சொல்கிறோம். ஆனால் அந்த யோசனையைச் செய்து பார்க்க நம்மிடம் ஒரு துண்டு நிலம்கூட இல்லையே! சொந்தமாகப் பயிர் வைத்துப் பார்க்காதவன் மற்றவர்களுக்கு எப்படி வழி சொல்வது? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

பூசாவுக்கு வந்தார்

1905-ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் பெரிய திருப்பம் வந்தது. அப்போது பீகாரில் பூசா என்ற ஊரில் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த நன்கொடை அதற்குப் பெரிதும் உதவியது. அந்த நிலையத்தின் தாவரவியல் அறிஞராக ஹோவார்ட் இந்தியாவுக்கு வந்தார்.

அதே ஆண்டில் கேப்ரியேல் என்ற பெண்மணியை மணந்துகொண்டார். கேப்ரியேலும் சாதாரணமானவர் அல்ல. வெப்பநிலை மாறும்போது இலை உணவு தயாரிக்கும் வேகம் எப்படி மாறுகிறது என்று கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து பெயர் பெற்றவர். கணவருடன் இந்தியா வந்தவர், தொடக்கத்தில் பதவி எதுவும் இல்லாமலே ஆராய்ச்சியில் கைகொடுத்தார். 1910-இல்தான் அரசு அவருக்கு ஒரு பதவி தந்தது. பூசாவில் நடந்த கோதுமை ஆராய்ச்சி முழுவதும் இருவரும் சேர்ந்து செய்ததுதான்.

மேற்கிந்தியத் தீவுகளில் கிடைக்காதது ஹோவார்டுக்குப் பூசாவில் கிடைத்தது. ஆம், நிலம்! 75 ஏக்கர் நிலத்தைக் கேட்டு வாங்கி, தாமே பயிர் செய்ய ஆரம்பித்தார்.

விவசாயியே ஆசிரியர்

நிலம் கிடைத்ததும் அவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளின் வயல்களைப் பார்த்தார். அந்த ஏழை விவசாயிகள் பூச்சிமருந்து எதுவும் தெளிக்கவில்லை. கடையில் உரம் வாங்கிப் போடவும் இல்லை. இருந்தாலும் அவர்களுடைய பயிர்களில் நோயும் பூச்சியும் குறைவாகவே இருந்தன.

ஹோவார்டுக்கு ஆச்சரியம்! பெரிய படிப்புப் படித்து வந்த அவர், இந்த விவசாயிகளிடமே பாடம் கேட்பது என்று முடிவு செய்தார். அவர்கள் எப்போது உழுகிறார்கள், எதை எதோடு கலந்து விதைக்கிறார்கள், எந்தப் பயிருக்குப் பின் எந்தப் பயிர் வைக்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். பூச்சிகளையும் நோய்களையும்கூடத் தம் ஆசிரியர்களாகவே எண்ணினார். பூச்சி வந்தால், அந்த இடத்தில் பயிருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். பூச்சியைக் கொல்வதோடு நிற்காமல் அந்தக் குறை என்ன என்று தேட வேண்டும் என்பது அவருடைய வழி.

நல்ல விதை பிறந்தது

அந்தக் காலத்துக் கோதுமை வயல்களில் பல ரகங்கள் கலந்து கிடந்தன. ஒரே வயலில் ஒரு செடி உயரம், இன்னொன்று குட்டை. ஒன்று சீக்கிரம் முற்றும், மற்றொன்று தாமதமாகும். மணியின் நிறமும் வேறு வேறு.

ஹோவார்ட் தம்பதியர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து கோதுமை விதைகளைச் சேர்த்தார்கள். நல்ல செடிகளைத் தனித்தனியாகப் பொறுக்கி, அவற்றின் விதையைத் தனித்தனியே விதைத்தார்கள். வருடக்கணக்கில் பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை இது. இந்தியக் கோதுமை பற்றி 1909-இல் இருவரும் சேர்ந்து ஒரு பெரிய நூலும் வெளியிட்டார்கள்.

அந்த உழைப்பில் பிறந்தவைதான் பூசா 4, பூசா 12 என்ற புகழ்பெற்ற ரகங்கள். பூசா 4 சீக்கிரம் முற்றும். மணி கெட்டியாக இருக்கும். மாவும் தரமானது. வட இந்தியாவில் பல லட்சம் ஏக்கரில் பூசா கோதுமைகள் பயிராயின. ஆஸ்திரேலியாவில் புதிய ரகங்களை உருவாக்கவும் பூசா 4 பயன்பட்டது.

வட இந்தியாவில் கோதுமை ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டு, பங்குனி, சித்திரையில் அறுவடையாகும். கடைசி நாட்களில் வெயில் கடுமையாகிவிட்டால் மணி பால் பிடித்து முற்றாமல் சுருங்கிப் போகும். சீக்கிரம் முற்றும் ரகம் அந்த வெயிலிலிருந்து தப்பித்துவிடும். இதனால்தான் விவசாயிகள் இத்தகைய ரகங்களை விரும்பினார்கள்.

விதை மட்டும் போதாது

நல்ல விதை கிடைத்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை! அதே பூசா கோதுமை ஒரு வயலில் கதிர் கதிராகக் காய்த்தது. இன்னொரு வயலில் நோஞ்சானாக நின்றது. விதை ஒன்று, விளைச்சல் மட்டும் வேறு. ஏன்?

பதிலை மண்ணில் தேடினார் ஹோவார்ட். மழைக்காலத்தில் பீகார் வயல்களில் வெள்ளம் தேங்கும். ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடும்போது மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். பள்ளமான வயலில் தேங்கிய தண்ணீர் மண்ணை இறுக்கிவிடும். மழை நின்று பல வாரங்கள் கழித்துக் கோதுமை விதைத்தாலும், இறுகிய மண்ணில் வேருக்குக் காற்று போதாது.

இதற்கு அவர் சொன்ன வழிகள் எளிமையானவை.

முதலாவது, வடிகால். ஒவ்வொரு வயலின் ஓரத்திலும் வாய்க்கால் வெட்டி, அந்த வயலின் உபரித் தண்ணீர் அடுத்த வயலைக் கெடுக்காமல் மெதுவாக வெளியேறச் செய்யவேண்டும்.

இரண்டாவது, கோடை உழவு. அறுவடை முடிந்ததும் நிலத்தைச் சும்மா போட்டுவிடாமல் உழுது வெயிலில் காயவிட வேண்டும். சித்திரை மாதப் புழுதியைத் தங்கத்துக்கு ஒப்பிட்டு நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே விஷயம்தான்! காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை வெளியிடுகின்றன.

மூன்றாவது, மேல்மண்ணைக் கிளறிவிடுவது. மழை பெய்து காய்ந்ததும் மண்ணின் மேல் அப்பளம்போல ஒரு பொருக்கு உண்டாகும். அதை உடைத்துவிட்டால் காற்று உள்ளே போகும். அடியில் உள்ள ஈரமும் சீக்கிரம் காயாது.

ஒரே தண்ணீரில் விளைந்த கோதுமை

கோடை மாதங்களில் ஹோவார்ட் தம்பதியர் குவெட்டாவில் ஆராய்ச்சி செய்தார்கள். இன்று பாகிஸ்தானில் இருக்கும் மலை நகரம் அது. அங்கே மழை மிகவும் குறைவு. தண்ணீர் என்றால் தங்கம் மாதிரி. ஆனாலும் கோதுமைக்குப் பல முறை தண்ணீர் பாய்ச்சுவதே வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறை பாய்ச்சியதும் மண் இறுகிவிடும்.

ஹோவார்ட் வேறு விதமாகச் செய்து பார்த்தார். விதைப்பதற்கு முன் ஒரே ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டார். பிறகு மேல்மண்ணை அவ்வப்போது கிளறி ஈரத்தைக் காத்தார். அவ்வளவுதான்! பயிர் நன்றாக விளைந்தது. அதிகத் தண்ணீர் விட்டால் அதிக விளைச்சல் என்று நினைத்தவர்கள் வியந்து போனார்கள். மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் பல வயல்களில் பயிர் செய்யலாமே!

பயிர் வறட்சியைத் தாங்குமா என்பதை விதை மட்டும் தீர்மானிப்பதில்லை. வேர் எவ்வளவு ஆழம் போகிறது, மண் எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. குவெட்டா சோதனை கற்றுத் தந்த பாடம் இது.

எதிர்ப்பும் வந்தது

பூசா நிலையத்தில் தாவரவியலுக்கு ஒரு பிரிவு, வேதியியலுக்கு ஒரு பிரிவு, பூச்சிகளுக்கு ஒரு பிரிவு, பூஞ்சைகளுக்கு ஒரு பிரிவு என்று வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. தாவரவியல் அறிஞரான ஹோவார்ட் மண்ணைப் பற்றியும், நோயைப் பற்றியும், மாட்டைப் பற்றியும் பேசினால் மற்றவர்களுக்குப் பிடிக்குமா? நமது எல்லைக்குள் இவர் ஏன் நுழைகிறார் என்று முகம் சுளித்தார்கள்.

ஆனால் ஹோவார்டுக்கு வயல் என்பது ஒன்றுதான். செடி, மண், புழு, மாடு, விவசாயி எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தால் உண்மை தெரியாது என்று அவர் உறுதியாக நம்பினார். தாம் நினைத்தபடி வேலை செய்யவேண்டுமானால் புதிய இடம் ஒன்று வேண்டும் என்று புரிந்துகொண்டார். அதற்காகப் பல ஆண்டுகள் முயன்றார்.

1924-இல் அந்த முயற்சி பலித்தது. மத்திய இந்தியாவில் இந்தூரில் சுமார் 300 ஏக்கர் நிலத்துடன் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவானது. ஹோவார்ட் அதன் இயக்குநர் ஆனார்.

இங்கே அவர் செய்த இன்னொரு நல்ல காரியமும் உண்டு. பண்ணையில் வேலை செய்த தொழிலாளர்களுக்குத் தினம் 6 மணி நேரம்தான் வேலை. கூலி தவறாமல் கையில் கிடைக்கும். உழைப்பவர் நலமாக இருந்தால்தான் பண்ணை நலமாக இருக்கும் என்று அவர் கருதினார்.

குப்பை உரமான கதை

அந்தக் கால விவசாயிகளுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. விறகு கிடைக்காததால் சாணத்தை வறட்டியாக்கி அடுப்பெரித்துவிடுவார்கள். வயலுக்குப் போட எரு போதாது. விலை கொடுத்து உரம் வாங்கவும் வசதி இல்லை. மண்ணுக்கு யார் சோறு போடுவது?

சீனா, ஜப்பான் நாட்டு விவசாயிகள் எந்தக் கழிவையும் வீணாக்காமல் மட்கவைத்து நிலத்துக்கே திருப்பித் தருவதை ஹோவார்ட் படித்து அறிந்திருந்தார். நம் விவசாயிகளின் எருக்குழியையும் பார்த்திருந்தார். இரண்டையும் அறிவியல் முறையில் இணைத்தார். அவருக்கு யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிஞர் துணை நின்றார்.

30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்ட குழி. அதில் சருகு, களை, வைக்கோல், பருத்திக் குச்சி எல்லாம் பரப்பவேண்டும். அதன்மேல் கொஞ்சம் சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய தொழுவத்து மண், கொஞ்சம் அடுப்புச் சாம்பல். இப்படி அடுக்கு அடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளிக்கவேண்டும். உள்ளே சூடு கிளம்பும். மூன்று முறை புரட்டிப் போடவேண்டும். ஏன் புரட்ட வேண்டும்? நுண்ணுயிர்களுக்கும் காற்று வேண்டுமே! சுமார் 3 மாதத்தில் மண்வாசனை வீசும் கறுப்பு உரம் தயார்.

இதுவே உலகம் முழுவதும் பரவிய இந்தூர் மட்கு உர முறை. இந்த உரம் போட்ட மண் பஞ்சுபோல ஆகும். மழைநீரைப் பிடித்து வைக்கும். அதே நேரத்தில் வேருக்குக் காற்றும் விடும். வெள்ளம், வறட்சி இரண்டையும் சமாளிக்கும் சக்தி மண்ணுக்கே வந்துவிடும்!

1935-இல் காந்தியடிகள் இந்தூருக்கு நேரில் வந்து இந்த உரம் தயாரிக்கும் முறையைப் பார்வையிட்டார். கிராமங்களுக்கு மிகவும் ஏற்றது என்று அதைப் பரப்பினார்.

நம் மாநிலத்தில் நடந்த சோதனை

நம் கோவைக்கும் குன்னூருக்கும்கூட இந்தக் கதையில் பங்கு உண்டு. கோவை வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேதியியல் அறிஞர் விஸ்வநாத், குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்த மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் ஆகிய இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். தொழு உரம் போட்டும், ரசாயன உரம் போட்டும் விளைவித்த தானியங்களின் சத்தை ஒப்பிட்டார்கள். சிறுதானியத்தோடு கோதுமையும் அதில் உண்டு. தொழு உரத்தில் விளைந்ததில் சத்து அதிகம் என்று 1926-இல் வெளியிட்டார்கள். மண், பயிர், மனிதன் மூவரின் ஆரோக்கியமும் ஒன்றோடு ஒன்று பிணைந்தது என்ற ஹோவார்டின் எண்ணத்துக்கு மக்காரிசனின் ஆய்வுகள் வலு சேர்த்தன.

இறுதி ஆண்டுகள்

1930-இல் கேப்ரியேல் காலமானார். 25 ஆண்டுகள் வயலிலும் வாழ்விலும் துணையாக நின்றவரின் இழப்பு ஹோவார்டை மிகவும் பாதித்தது. அடுத்த ஆண்டு அவர் இந்தியாவை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1934-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் பேசினார். 1940-இல் வெளிவந்த அவருடைய வேளாண்மை நூல் பல நாட்டு விவசாயிகளை இயற்கை வேளாண்மையின் பக்கம் திருப்பியது. ரசாயன உரத்தை ஆதரித்த அறிஞர்கள் அவரை எதிர்த்து எழுதினார்கள். அவரும் விடாமல் வாதாடினார். இந்தியா சுதந்திரம் பெற்ற அதே 1947-ஆம் ஆண்டில், அக்டோபர் 20-ஆம் தேதி, 73-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இன்றைக்கும் தேவையான பாடம்

ஹோவார்ட் சொன்ன எல்லாமே அப்படியே சரி என்று சொல்ல முடியாது. உதாரணமாக, கோதுமையைத் தாக்கும் துருநோய் காற்றிலே பறந்து வரும். மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விதையிலும் எதிர்ப்புச் சக்தி வேண்டும். நீலகிரி, பழனி மலைகளில் கோடையைக் கழிக்கும் துருநோய், காற்றில் ஏறி வடக்கே போகிறது என்று கே.சி. மேத்தா என்ற அறிஞர் பிறகு கண்டுபிடித்தார். அதனால்தான் நீலகிரியில் உள்ள வெலிங்டனில் துருநோயைத் தாங்கும் கோதுமை பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. அடிக்கடி ஆழமாக உழுதால் மண்ணின் மட்குச்சத்து குறையும் என்றும் இன்றைய அறிவியல் எச்சரிக்கிறது.

ஆனால் அவர் சொன்ன அடிப்படை மாறவில்லை. 1960-களில் பசுமைப் புரட்சி வந்தது. புதிய குட்டைக் கோதுமை ரகங்களும் ரசாயன உரமும் பாசனமும் சேர்ந்து நாட்டின் பசியைத் தீர்த்தன. ஆனால் உரமும் தண்ணீரும் அளவுக்கு மீறிய இடங்களில் மண்ணும் நிலத்தடி நீரும் களைத்துப் போயின. இப்போது மாசி, பங்குனியிலேயே வட இந்தியாவில் அனல் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. சரியான நேரத்தில் விதைப்பது, மண்ணுக்கு மட்கு சேர்ப்பது, வைக்கோலை எரிக்காமல் மூடாக்காக விடுவது, அளவோடு தண்ணீர் விடுவது இவற்றையெல்லாம் விஞ்ஞானிகள் மறுபடி வலியுறுத்துகிறார்கள்.

நல்ல விதை வேண்டும். அந்த விதைக்கு நல்ல வீடும் வேண்டும். அந்த வீடுதான் மண்!

செய்து பாருங்கள்

இரண்டு பழைய பிளாஸ்டிக் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியில் மட்டும் பெரியவர்கள் உதவியோடு நாலைந்து ஓட்டை போடுங்கள். இரண்டிலும் ஒரே மண்ணை நிரப்பி, பத்துப் பத்துக் கோதுமை மணிகளை விதையுங்கள். முளைத்து விரல் நீளம் வளரும் வரை இரண்டுக்கும் அளவாகத் தண்ணீர் தெளியுங்கள். அதன்பிறகு ஓட்டை இல்லாத டம்ளரில் மட்டும் மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இரண்டு வாரம் தினமும் பார்த்துக் குறித்து வாருங்கள். பிறகு இரண்டு செடிகளையும் மெதுவாகப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வேர் நீளம்? எந்த வேர் வெள்ளை? எது பழுப்பு?

பூசாவில் ஹோவார்ட் தேடிய விடை உங்கள் உள்ளங்கையிலேயே இருக்கும்!